வெளுத்த தழும்பும் வெளுக்க வைக்கும் கிறீமும்

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41. ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நீண்ட கடிதம். சாரம் இதுதான்.

2009 இல் தறப்பாள் கொட்டில் ஒன்று செல் விழுந்து எரிந்ததில், அவருடைய இடது முன்னங்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எரிந்துபோனது. காயம் ஆறப் பல மாதம் எடுத்தது. ஆறிய தோல் சுருங்கி, நடுவில் வெள்ளையாகவும் ஓரத்தில் கடும் கறுப்பாகவும் இருக்கிறது. அந்த வெள்ளையில் மயிரும் முளைப்பதில்லை, வியர்ப்பதுமில்லை. கச்சான் தோட்டங்களில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போகிறார். வெயிலில் நின்றால் வெள்ளை இடம் மட்டும் சிவந்து எரிகிறதாம். ஐந்து மாதத்துக்கு முன் அதே இடத்தில் சின்ன வெடிப்பு ஒன்று வந்தது. பொருக்குக் கட்டுவதும், பொருக்கு விழுந்து மறுபடி புண்ணாவதுமாக இன்றைக்கும் இருக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிப் பார்த்திருக்கிறார்.

இன்னொரு கவலை முகத்தில். கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு விழுந்தது. இப்போது கருத்தடை மாத்திரை எடுக்கிறார், மங்கு கூடியிருக்கிறது. போனில் பார்த்து ஒரு கிறீம் வாங்கிப் பூசினார். ஒரு கிழமையில் முகம் வெளுத்தது. நிறுத்தினால் சிவந்து கடிக்கிறது என்பதால் விடாமல் பூசுகிறார். 16 வயது மகளும் அதைப் பூசத் தொடங்கிவிட்டாள்.

மாமியார் சொல்கிறாராம்: "எங்கட கறுப்புத் தோலுக்கு வெயில் ஒண்டும் செய்யாது. புண்ணை ஆஸ்பத்திரியில காட்டினா வெட்டுவினம். கத்தி பட்டாப் பரவிடும்." வாசகியின் கேள்வி இரண்டு: அந்தக் கிறீமைத் தழும்பின் கறுப்பு ஓரத்திலும் பூசி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கலாமா? புண்ணுக்கு என்ன பூசினால் ஆறும்?

அன்புச் சகோதரி,

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதுதான் எனக்கு முதல் கேள்வி. புண்ணுக்கு இனி எதையும் பூசாதீர்கள். இந்தக் கிழமையே முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் வெளிநோயாளர் பிரிவில் கையைக் காட்டுங்கள். "எரிகாயத் தழும்பில் ஐந்து மாதமாக ஆறாத புண்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். தழும்பு எத்தனை வருடம் பழையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் "கையில் புண்" என்றால் கட்டிவிட்டு அனுப்பக்கூடும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், பழைய எரிகாயத் தழும்பில் வந்து ஆறாமல் நிற்கும் புண் சில வேளைகளில் தோல் புற்றுநோயாக மாறலாம். பெரும்பாலும் தழும்பு விழுந்து பல வருடங்கள், சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இப்படி வரும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்லவும் முடியாது. தழும்புத் தோல் மெல்லியது, இரத்த ஓட்டம் குறைந்தது. அதனால் சாதாரண வெடிப்பே ஆறாமல் இழுபடுவதும் உண்டு. ஆனால் இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது எனக்கும் கஷ்டம், எந்த வைத்தியருக்கும் கஷ்டம். புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். அதற்குத்தான் பயொப்சி என்று பெயர். விறைப்பூசி போட்டு, ஓரிரு தையலோடு முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

மாமியாருடைய பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. எங்கள் ஊர்களில் புற்றுநோயைப் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் காட்டுகிறார்கள். அதனால் "வெட்டினார்கள், பிறகு ஆள் போய்விட்டது" என்று சனம் பார்த்ததும் உண்மை. ஆனால் அங்கே உயிரை எடுத்தது பிந்திப் போனது, கத்தி அல்ல. இந்த வகைத் தோல் புற்றுநோயில் சிறு துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. வேளைக்குக் கண்டுபிடித்தால் சுற்றியுள்ள நல்ல தோலில் கொஞ்சத்தையும் சேர்த்து வெட்டி எடுப்பதோடு பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். விட்டுவைத்தால்தான் அக்குள் நெறிகட்டிகளுக்குப் போகும். இன்று குளிக்கும்போது இடது அக்குளைத் தடவிப் பாருங்கள். கட்டி ஏதும் தட்டுப்பட்டால் அதையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள். புண்ணின் ஓரம் தடித்து எழும்புவது, தொட்டவுடன் இரத்தம் கசிவது, மணப்பது, பூப்போலச் சதை வளர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிழமைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.

அரச வைத்தியசாலையில் இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. தேவைப்பட்டால் யாழ்ப்பாணத்துக்கோ தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். போக்குவரத்துக் காசும் ஒரு நாள் கூலியும் போகும், அது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். என்ன செய்யப் போகிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று தமிழில் விளங்கப்படுத்தும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளங்காமல் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். உடம்பில் எங்காவது செல் பீஸ் எடுக்காமல் கிடந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க நேர்ந்தால் அந்த இரும்பு ஆபத்து.

சரி, இனி நிறத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்: முகத்தில் இருக்கும் கறுப்பைப் போக்கக் காசு செலவழிக்கிறீர்கள், கையில் கறுப்பு இல்லாத இடம்தான் வெயிலில் எரிகிறது.

அந்தக் கறுப்பு என்ன வேலை செய்கிறது

தோலின் மேற்படையின் அடியில் மெலனோசைட் என்ற கலங்கள் இருக்கின்றன. மெலனின் என்ற நிறப்பொருளைச் செய்பவை இவைதான். ஒவ்வொரு மெலனோசைட்டும் கைகளைப் போன்ற நீட்சிகளால் சுற்றியிருக்கும் சுமார் 36 தோல் கலங்களுக்கு மெலனினைச் சிறு மணிகளாக அனுப்பிக்கொண்டிருக்கும். வாங்கிய கலம் அந்த மணிகளைக் கண்டபடி வைத்துக்கொள்வதில்லை. தன் கருவுக்கு மேல், வெயில் வரும் பக்கமாக, குடை பிடித்ததுபோல் அடுக்கி வைக்கிறது. கருவுக்குள்தான் மரபணு இருக்கிறது. வெயிலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் குழப்புவதும் அதைத்தான்.

வெள்ளைக்காரருக்கும் எங்களுக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். எங்கள் தோலில் மணிகள் பெரியவை, நிறைய, மேற்படை வரைக்கும் உடையாமல் வருகின்றன. அவர்களுடைய தோலில் அவை சிறியவை, வழியிலேயே சிதைந்துவிடுகின்றன. வித்தியாசம் அவ்வளவுதான். நல்ல கறுப்புத் தோலுக்கு இயல்பாகவே 13 எஸ்.பி.எப். (வெயிலைத் தடுக்கும் அளவு) அளவுக்குப் பாதுகாப்பு உண்டு என்று ஒரு பழைய அளவீடு சொல்கிறது. வெள்ளைத் தோலுக்கு அது 3 சொச்சம். தோல் புற்றுநோய் எங்களுக்குக் குறைவாக வருவதற்குப் பெரிய காரணம் இந்தக் கறுப்புத்தான்.

ஆக, மாமியார் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதி பிழை. 13 என்பது முழுப் பாதுகாப்பு அல்ல. வெயிலில் நின்று கூடுதலாகக் கறுப்பதைப் பலர் "தோல் பழகிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சேதம் நடந்ததற்கான பதில். புற ஊதாக் கதிர் தோல் கலத்தின் மரபணுவைக் குழப்பியதும், அந்தக் கலம் ஒரு ஹோர்மோனை வெளிவிட்டு மெலனோசைட்டுக்குச் செய்தி அனுப்பும். மெலனோசைட் கூடுதலாக மெலனின் செய்யும். கறுப்பு வெளியில் தெரிய இரண்டு மூன்று நாள் போகும். இப்படிப் புதிதாக வந்த கறுப்பு தரும் மேலதிக காவல் மிகச் சொற்பம், இரண்டு நான்கு எஸ்.பி.எப். அளவுதான். அதை நம்பி வெயிலில் நிற்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. எங்களைப் போன்ற கறுப்புத் தோல்காரருக்குத் தோல் புற்றுநோய் வந்தால், அது வெயில் படும் முகத்தில் மட்டுமல்ல, பழைய தழும்பிலும், நாட்பட்ட புண்ணிலும், உள்ளங்காலிலும், நகத்தின் அடியிலும் வருவது உண்டு. பாடகர் பொப் மார்லி 1981 இல் இறந்தது கால் பெருவிரல் நகத்தின் கீழ் தொடங்கிய மெலனோமாவால், அதாவது மெலனோசைட்டில் தொடங்கும் தோல் புற்றுநோயால். "கறுப்பருக்கு வராது" என்ற எண்ணத்தால் இப்படிப்பட்ட இடங்களை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்பவர். மாதம் ஒரு தரம் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். புதிதாக வந்து பெருக்கும் கறுப்புப் புள்ளியோ, நகத்தில் அகலமாகிக்கொண்டு போகும் கறுப்புக் கோடோ கண்டால் காட்டுங்கள்.

உங்கள் தழும்பு வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், நெருப்பு ஆழமாகப் போய் அந்த இடத்து மெலனோசைட்டுகளை எரித்துவிட்டது. மேல் காயமாக இருந்திருந்தால் மயிர்க்கால்களுக்குள் ஒளிந்திருக்கும் மெலனோசைட்டுகள் திரும்ப வளர்ந்து நிறம் கொடுத்திருக்கும். உங்களுக்கு மயிர் முளைக்கவில்லை, வியர்வையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது அந்தச் சேமிப்பும் போய்விட்டது. அங்கே வெயிலைத் தடுக்க இயற்கையாக ஒன்றும் இல்லை. ஓரத்துக் கறுப்பு, அங்கே மெலனோசைட்டுகள் தப்பியதன் அடையாளம். காயத்தின் அழற்சியால் கூடுதலாக வேலை செய்திருக்கின்றன. அந்தக் கறுப்பையும் கிறீம் பூசி அழித்தால் இருக்கிற காவலும் போகும். அதுவும் ஆறாத புண்ணுக்குப் பக்கத்தில்! உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: வேண்டவே வேண்டாம்.

அந்தக் கிறீமுக்குள் என்ன இருக்கலாம்

ஏழு நாளில் நிறம் மாற்றும் கிறீம்களில் வழமையாகப் பிடிபடுபவை மூன்று: பாதரசம், வீரியமான ஸ்டீரொய்ட் (அழற்சியை அடக்கும் மருந்து), அளவில்லாத ஹைட்ரோகுயினோன் (தோலை வெளுக்க வைக்கும் மருந்து). நிறுத்தினால் சிவந்து கடிக்கிறது என்ற உங்கள் விவரிப்பு ஸ்டீரொய்ட் மீதே எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாக இரத்தக் குழாய்கள் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் மயிர் முளைக்கும். மெலிந்த தோலில் வெயில் இன்னும் சுகமாக இறங்கும்.

பாதரசம் இருந்தால் அது முகத்தோடு நிற்காது. தோலால் ஊறிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். தலையணை உறை, துவாய் வழியாக வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் போகும். 2013 இல் கையெழுத்தான மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள வெளுப்புக் கிறீம்களின் உற்பத்தியையும் வர்த்தகத்தையும் 2020 உடன் நிறுத்தச் சொன்னது. அப்படியிருந்தும் போன் வழியாகவும் சில்லறைக் கடை வழியாகவும் அவை வந்துகொண்டேயிருக்கின்றன. டப்பாவில் செய்தவர் முகவரியோ, இறக்குமதி செய்தவர் பெயரோ, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலோ இல்லையென்றால், அதைத் தொடக்கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கொண்டுபோங்கள். கிறீமை எப்படி நிறுத்துவது என்று வைத்தியர் சொல்லட்டும். ஸ்டீரொய்ட் என்றால் சிலருக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டிவரும். நிறுத்திய பிறகு சில கிழமைக்கு முகம் சிவந்து, மங்கு முன்னையை விடக் கூடத் தெரியலாம். அந்த நாட்கள் கஷ்டமானவைதான். "திரும்பப் பூசினால் போய்விடுமே" என்று தோன்றும். பூசாதீர்கள். கால் வீங்குவது, சிறுநீர் நுரைப்பது, கை நடுங்குவது போன்றவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள்.

தேசிக்காய்ச் சாறு பூசலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தேசிக்காயில் இருக்கும் ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும். ஆறும்போது முன்னையை விடக் கறுக்கும். அதைச் சமையலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கு நோயல்ல, உயிருக்கு ஆபத்துமில்லை. ஹோர்மோனும் வெயிலும் சேர்ந்து மெலனோசைட்டுகளைத் தூண்டிவிடுவதால் வருவது. கருத்தடை மாத்திரையும் அதைக் கூட்டும். மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் மங்கு இருப்பதைச் சொல்லி, லூப் போன்ற வேறு வழி உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மங்கைக் குறைக்க முறையான மருந்துகள் உண்டு. தோல் வைத்திய நிபுணர் பார்த்து, குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் தருவார். வெயிலைத் தடுக்காமல் அவற்றில் எதைப் பூசினாலும் மங்கு திரும்பி வரும். கையில் புண்ணுக்குத் தீர்வு கண்ட பிறகு இதைப் பார்க்கலாம், அவசரமில்லை.

தோட்டத்தில் நிற்கும் நேரம்

"வெயிலுக்குப் போகாதீர்கள்" என்று எழுதிவிட்டால் என் வேலை சுகம், உங்களுக்குச் சோறு இல்லை. ஆகவே முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

வன்னியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, ஏப்ரல் நடுப்பகுதியில். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம் வரும். அந்த நாட்களில் நண்பகல், அதாவது 12.10 அளவில், உங்கள் நிழல் காலடிக்குள் போய்விடும். புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் சுட்டி 11 ஐ எட்டினால் அதை உலக சுகாதார நிறுவனம் உச்சக்கட்ட வகையில் சேர்க்கிறது; இலங்கையில் அந்தக் காலத்து மத்தியானங்களில் இது சாதாரணம். மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. நிழல் உங்களை விடக் கட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கடும் நேரம். சூட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாங்கள் உணரும் வெக்கை வேறு கதிர், தோலைக் கெடுப்பது வேறு கதிர். சோளகம் வீசிக் குளிர்மையாக இருக்கும் நாளிலும், மெல்லிய முகில் மூடிய நாளிலும் அது இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

கூலிக்குப் போகிறவர் நேரத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் தோட்டக்காரரிடம் விடியற்புறமே தொடங்கிப் பத்தரைக்குள் நிறுத்தி, மூன்றரைக்குப் பிறகு தொடரலாமா என்று நாலைந்து பேர் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். நல்ல நிழலில் ஆறி வந்தவர்கள் செய்யும் வேலை கூடுதலாகவே இருக்கும். அதை அவரும் கண்டிருப்பார்.

உங்கள் கைக்கு மிகச் சிறந்த மருந்து முழுக்கைச் சேட்டு. நெருக்கமாக நெய்த, கடும் நிறத் துணி நல்லது. பழைய மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி, அதுவும் வியர்வையில் நனைந்தால், நிறையக் கதிரை உள்ளே விடும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; மறுபக்கம் தெரிந்தால் அது போதாது. புண் இருக்கும் இடத்தை முதலில் சுத்தமான கட்டுத்துணியால் மூடி, அதன் மேல் சேட்டின் கை வரட்டும்; உரஞ்ச விடக்கூடாது. முகத்துக்குச் சுற்றிவர விளிம்புள்ள பனையோலைத் தொப்பி. முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள தொப்பி கன்னத்தையும் காதையும் பிடரியையும் காக்காது.

சன்ஸ்கிறீன் வாங்க வசதியிருந்தால் 30 எஸ்.பி.எப். போதும். அது தோல் சிவக்க வைக்கும் கதிரில் ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கும். 50 வாங்கினால் 98. ஒரு வீத வித்தியாசத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், வியர்த்தால் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பவும். இது மாதச் செலவில் கனக்கும் என்று தெரியும். காசு இல்லையென்றால் மனவருத்தப்பட வேண்டாம்: தொப்பியும் சேட்டும்தான் முதல், கிறீம் இரண்டாவது. மங்குக்கு மட்டும் ஒரு விஷயம்: எங்கள் நிறத்தவருக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும். அதைத் தடுப்பது இரும்பு ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறத்திலுள்ள சன்ஸ்கிறீன். வெள்ளையாகப் பூசும் வகை அந்த வேலையைச் சரியாகச் செய்யாது.

மகளைப் பற்றி

அவள் பூசுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். தொடங்கிக் கொஞ்ச நாள்தான் என்பதால் பெரும்பாலும் சேதம் குறைவாக இருக்கும். ஆனாலும் உங்களோடு அவளையும் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். திட்டாதீர்கள். வீட்டில் தாய் பூசுவதைப் பார்த்துத்தான் பூசினாள். பள்ளிக்கூடத்தில் அவளை யாராவது "கறுப்பி" என்று கூப்பிடுகிறார்களா என்று ஆறுதலாகக் கேளுங்கள். அப்படியென்றால் வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்க் கதையுங்கள். அது பகிடி என்று விட்டுவிடும் விஷயமல்ல. கல்யாணச் சந்தையில் நிறம் பார்க்கிறார்கள் என்று மாமியார் கவலைப்படக்கூடும். அந்தக் கவலையின் விலையை ஒரு பிள்ளையின் சிறுநீரகம் கட்டக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பயொப்சி முடிவு வரச் சில கிழமைகள் எடுக்கலாம். பற்றுச்சீட்டையும் கிளினிக் கொப்பியையும் பத்திரமாக வைத்திருங்கள். சொன்ன திகதியில் முடிவு வரவில்லையென்றால் "ஒன்றும் இல்லையாக்கும்" என்று இருந்துவிடாமல், போய் முடிவைக் கையில் வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வைத்தியரை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.